ஃபேர் ஐல் தீவில் மே மாதக் கடைசி: வலசைப் பறவைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலுக்கு நடுவில் இருக்கும் ஃபேர் ஐல் தீவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் மே கடைசியும் ஜூன் முதல் வாரமும்தான். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இந்தத் தீவு எங்கே இருக்கிறது?

ஷெட்லாண்ட், ஆர்க்னி என்று இரண்டு தீவுக்கூட்டங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே தனியாக நிற்பது ஃபேர் ஐல். ஷெட்லாண்டின் தெற்கு முனையிலிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. தூரம். தீவின் நீளம் 5 கி.மீ., அகலம் 2.5 கி.மீ. அளவுதான். குடியிருப்பவர்கள் சுமார் 50, 60 பேர். தெற்குப் பாதியில் வீடுகளும் சிறு வயல்களும் ஆட்டுப்பட்டிகளும், வடக்குப் பாதியில் ஹீதர் செடி மூடிய மேடு, மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தலை சுற்றும் பாறைச் சுவர். உயரமான இடம் வார்ட் ஹில், 217 மீட்டர். ஃபேர் ஐல் என்ற பேரில் வரும் வண்ணப் பின்னல் ஸ்வெட்டரைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த ஊர்ப் பெண்கள் கைவேலையில் பிறந்ததுதான்.

இவ்வளவு சின்ன இடத்தில் ஏன் இத்தனை பறவை?

சின்ன இடமாக, அதுவும் தனியாக இருப்பதால்தான்.

வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் கிளம்பும் சிறு பறவைகள் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து பக்கம் கூடு கட்டப் போகின்றன. பெரும்பாலும் இரவில்தான் பறக்கும். ஜெர்மனி, டென்மார்க் கரையைத் தாண்டி வடகடலுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போது கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ காற்று அடித்தால், 12 கிராம் எடையுள்ள ஒரு குருவி எவ்வளவு நேரம் அதை எதிர்த்துப் பறக்க முடியும்? கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே தள்ளப்படும். வானம் தெளிவாக இருந்தால் நட்சத்திரங்களை வைத்துத் திசையைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் மேகமும் தூறலும் மூடிக்கொண்டால் அந்த வழியும் அடைந்துபோகிறது. விடியும்போது கீழே பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர். நார்வே கிழக்கே கிட்டத்தட்ட 400 கி.மீ. தள்ளி இருக்கிறது. அந்தத் தண்ணீருக்கு நடுவில் ஒரே ஒரு பச்சைத் திட்டு தெரிந்தால் என்ன செய்யும், இறங்கிவிடும். இந்த மாதிரி காற்று இழுத்துக்கொண்டு வருவதைப் பற்றி நிறைய எழுதி மற்றவர்களை யோசிக்க வைத்தவர் கென்னத் வில்லியம்சன், 1948-ல் இந்தத் தீவின் பறவை நிலையத்துக்கு முதல் பொறுப்பாளராக வந்தவர்.

இன்னொரு வகையும் உண்டு. தெற்கு ஐரோப்பாவில் தங்க வேண்டிய பறவை, நல்ல வெயிலும் பின்னாலிருந்து தள்ளும் தெற்குக் காற்றும் கிடைத்ததில் போகவேண்டிய இடத்தைத் தாண்டி வடக்கே வந்துவிடும். தூக்கத்தில் தன் ஊர் பஸ் நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்த ஊரில் இறங்குகிறவர் மாதிரி.

செப்டம்பர், அக்டோபர்தானே பேர் போனது? நீங்கள் ஏன் மே கடைசியில் போகிறீர்கள்?

எண்ணிக்கை வேண்டுமென்றால் இலையுதிர்காலம்தான். அந்த வருஷம் பிறந்த குஞ்சுகளும் சேர்ந்துகொள்வதால் கூட்டம் அதிகம், சைபீரியாவிலிருந்து வரும் அபூர்வங்களும் அப்போதுதான். மறுக்கவில்லை. ஆனால் அப்போது வருபவற்றில் நிறைய மங்கலான இளம் பறவைகள், சத்தமும் போடாது, தலையும் காட்டாது. வசந்தத்தில் வருபவை முழு வண்ணத்தில் வருகின்றன, ஆண் பறவைகள் பாடவும் செய்கின்றன. துணை தேடிப் போகிற வழியில் காற்று கொண்டுவந்து போட்ட ஒரு பறவை, கேட்க யாருமே இல்லாத ஒரு கல் சுவரின் மேல் உட்கார்ந்து முழு மூச்சாகப் பாடுவதை ஒருமுறை கேட்டவர்களுக்கு நான் ஏன் மே மாதம் போகிறேன் என்று விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், மே முதல் பாதியில் வருபவை வேறு, கடைசியில் வருபவை வேறு. வீட்டியர், தகைவிலான், வாலாட்டி எல்லாம் ஏப்ரலிலிருந்தே வர ஆரம்பித்துவிடும். மே 20-க்கு மேல் வருபவை கிழக்குப் பாதைக்காரர்கள். மார்ஷ் வார்ப்ளர் என்கிற சதுப்புக் கதிர்க்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கென்யா, எத்தியோப்பியா, அரேபியா என்று சுற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குள் தென்கிழக்கு வாசல் வழியாக நுழைகிறது. அவ்வளவு பெரிய சுற்று, அதனால் தாமதம். செம்முதுகுக் கீச்சானும் வசந்தத்தில் கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியா வழியாகத்தான் வருகிறது. இவையெல்லாம் வடக்கே போய்ச் சேரும் நாட்களில் கிழக்குக் காற்று மூன்று நாள் விடாமல் அடித்தால் போதும்.

என்னென்ன பறவைகள் பார்க்கலாம்?

அது காற்றின் கையில் இருக்கிறது, உத்தரவாதம் யாரும் தர முடியாது. ஆனால் இந்தப் பருவத்தில் மனதில் வைத்திருக்க வேண்டியவை சில உண்டு.

புளூத்ரோட் என்கிற நீலத் தொண்டைக் குருவி மே நடுவிலேயே தொடங்கிவிடும். ஓடையோரம் எலி மாதிரி ஓடும், திரும்பி நின்றால் தொண்டையில் அந்த நீலமும் நடுவில் செம்பொட்டும். செம்முதுகுக் கீச்சான் வேலிக்கம்பியில் உட்கார்ந்திருக்கும், நம்மூர்ப் பழுப்புக் கீச்சானைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த உட்காரும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். இக்டரீன் வார்ப்ளர் மஞ்சள் வயிறோடு, கொஞ்சம் முரட்டுத்தனமாக, வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கும் ருபார்ப் என்ற செடியின் பெரிய இலைகளுக்குள் தாவிக்கொண்டிருக்கும். ரைனெக் என்று ஒரு மரங்கொத்திச் சொந்தம் இருக்கிறது, மரத்தைக் கொத்தாது, தரையில் எறும்பு தின்னும், கழுத்தைப் பாம்பு மாதிரி முறுக்கும், அதன் உடம்பு முழுக்க மரப்பட்டையைப் பார்த்து வரைந்த மாதிரி இருக்கும்.

சதுப்புக் கதிர்க்குருவியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். பார்க்க ஒன்றுமில்லை, பழுப்பு. வாயைத் திறந்தால்தான் விஷயம். ஒவ்வொரு ஆணும் சராசரியாக 70-க்கும் மேற்பட்ட வேறு பறவைகளின் குரலை எடுத்துப் பாடுகிறது என்றும், அவற்றில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்கப் பறவைகள் என்றும் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். குஞ்சாக இருந்தபோது ஐரோப்பாவில் கேட்டதும், முதல் குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவில் கேட்டதும் எல்லாம் அந்தப் பாட்டுக்குள் இருக்கும். ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் ஒரு வாய்க்கால் ஓரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒன்றைக் கேட்டேன். தகைவிலான் வந்தது, சிட்டு வந்தது, அப்புறம் எனக்குத் தெரியாத குரல்கள் வரிசையாக வந்தன. ஷெட்லாண்ட் குளிரில் உட்கார்ந்து ஆப்பிரிக்கக் காட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அன்றைக்கு மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

பெரிய அபூர்வங்களும் வந்த மாதம்தான் இது. கிரீஸ், துருக்கி பக்கம் கூடு கட்டும் கிரெட்ஷ்மார் பண்டிங் பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது இங்கேதான், 1967 ஜூனில். ஆல்ப்ஸ் மாதிரி மலைகளை விட்டு அதிகம் நகராத சிட்ரில் ஃபிஞ்ச் 2008 ஜூனில் இங்கே வந்து இறங்கியது, அதுவும் பிரிட்டனுக்கு முதல் முறை. ஊரைவிட்டு நகராத பறவை எப்படிக் கடல் தாண்டி வந்தது என்று அப்போது பேசாத ஆள் இல்லை.

நம்மூரில் பார்க்கிற பறவை ஏதாவது அங்கே வருமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். வரும்.

பிளித் நாணல் கதிர்க்குருவி தெரியுமா? பேர் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். குளிர்காலத்தில் தமிழ்நாடு முழுக்கத் தோட்டங்களில், வேலிகளில், முருங்கை மரத்தில், ஒளிந்துகொண்டு “டக்... டக்...” என்று நாக்கைச் சொடுக்கின மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும், ஆளைப் பார்க்கவே முடியாது. இலங்கையிலும் அப்படித்தான். கல்கத்தாவில் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பிளித் 1849-ல் இதை விவரித்ததால் அவர் பேர். ஏப்ரல், மே வாக்கில் நம்மை விட்டுக் கிளம்பி வடமேற்கே போகும். ரஷ்யாவிலும் பின்லாந்து வரைக்கும் கூடு கட்டுகிறது, போன நூற்றாண்டில் மேற்கே பரவிப் பின்லாந்தில் இப்போது நன்றாகவே நிலைத்துவிட்டது. அந்தப் பின்லாந்துக் கூட்டத்தில் ஒன்றிரண்டு கிழக்குக் காற்றில் தள்ளப்பட்டு மே கடைசி, ஜூனில் ஃபேர் ஐலுக்கு வருகின்றன. பிரிட்டனில் இந்தப் பறவைக்கான முதல் பதிவே ஃபேர் ஐலில்தான், 1910 இலையுதிர்காலத்தில்.

என்னுடைய இரண்டாவது பயணத்தில், ஒரு கல் சுவர் ஓரம் நடந்துகொண்டிருந்தபோது உள்ளே புல்பூண்டுக்குள்ளிருந்து அந்த “டக்” வந்தது. ஒரு நொடி எங்கே இருக்கிறேன் என்றே புரியவில்லை. அம்மா வீட்டுக் கிணற்றடி முருங்கையில் ஜனவரி மாதம் கேட்கும் சத்தம். கூட இருந்தவர்கள் சதுப்புக் கதிர்க்குருவியா, நாணல் கதிர்க்குருவியா என்று இறக்கை நீளத்தைப் பார்த்து விவாதித்துக்கொண்டிருந்தார்கள். பிளித்தையும் சேர்த்து இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று அவ்வளவு ஒத்திருக்கும். பிளித்தின் இறக்கை குட்டை, உடம்பு ஒரே சாம்பல் கலந்த பழுப்பு, இறகு நுனிகளில் சதுப்புக்காரனுக்கு உள்ள வெளிர் விளிம்பு கிடையாது. நான் முதலில் சொன்னது குரலை வைத்துத்தான். பிற்பாடு வலையில் பிடித்து இறக்கையை அளந்து பார்த்ததில் அதுவேதான். நான் ஐரோப்பாவில் கற்றுக்கொண்ட பறவை அடையாளங்களில் எதுவும் அன்றைக்குத் தேவைப்படவில்லை, சின்ன வயதில் காதில் விழுந்ததுதான் உதவியது.

காமன் ரோஸ்ஃபிஞ்சும் குளிர்காலத்தைத் தெற்காசியாவில் கழித்துவிட்டு மேற்கே வருவதுதான், மே கடைசியில் இங்கே எதிர்பார்க்கலாம். செந்தொண்டை ஈப்பிடிப்பான், பச்சைக் கதிர்க்குருவி இரண்டும் அப்படியே. இந்தப் பறவைகளுக்கு ஐரோப்பாவிலிருந்து தெற்கே போவது என்றால் ஆப்பிரிக்கா கிடையாது, நம் பக்கம்தான்.

எந்தக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும்?

ஸ்காண்டிநேவியாவுக்கு மேலே உயர் அழுத்தம், வடகடலின் தெற்கே தாழ்வழுத்தம், நடுவே தென்கிழக்குக் காற்று, தீவுக்கு மேலே தூறலோ பனிமூட்டமோ. இந்த நான்கும் ஒன்றாக அமைந்தால் மறுநாள் காலை ஒவ்வொரு வாய்க்காலிலும் பறவை இருக்கும். வெறும் கிழக்குக் காற்றும் நீல வானமும் என்றால் பறவைகள் உயரத்திலேயே தாண்டிப் போய்விடும். மேற்குக் காற்று என்றால் கடற்பறவைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் தீவில் இருக்கும்போது காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது காற்றுவரைபடத்தைத்தான், பறவைப் பட்டியல் அப்புறம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

சூரியன் காலை நாலு மணிக்கு முன்பே வந்துவிடும், இரவு பத்தைத் தாண்டித்தான் போகும், போன பிறகும் முழு இருட்டு வராது. நள்ளிரவில் வடக்கு வானத்தில் தங்கிநிற்கும் அந்த வெளிச்சத்தை ஷெட்லாண்ட்காரர்கள் சிம்மர் டிம் என்கிறார்கள். தூக்கம் குறையும், தயாராக வாருங்கள்.

நிலையத்துப் பணியாளர்கள் தீவை மூன்று பாதைகளாகப் பிரித்து, பருவம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஆளுக்கொரு பாதையில் நடந்து கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். அபூர்வப் பறவை மட்டும் இல்லை, சாதாரண வாலாட்டியையும் விடமாட்டார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கூடி உட்கார்ந்து கணக்கு எழுதுவது ஒரு சடங்கு மாதிரியே நடக்கும். ஒருவர் பறவைப் பேர்களை வரிசையாகப் படிப்பார், யார் யார் எத்தனை பார்த்தீர்கள் என்று கேட்டு எண்ணிக்கையைச் சேர்ப்பார்கள். விருந்தாளியாகப் போன நாம் பார்த்த நாலு தகைவிலானும் அந்தக் கணக்கில் ஏறும். 1948-லிருந்து இப்படி வருஷம் தவறாமல் சேர்ந்ததால்தான் எந்தப் பறவை குறைகிறது, எது முன்னாடியே வருகிறது என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. பூஜ்யம் என்று எழுதிய நாட்களுக்கும் அதில் மதிப்பு உண்டு.

இடையில் நாம் என்ன செய்வது? நடப்பதுதான். மெதுவாக, ஒரே இடத்துக்கு மூன்று முறை. காலையில் காலியாக இருந்த வாய்க்காலில் மதியம் புளூத்ரோட் இருக்கும்.

தீவில் மரமே இல்லையாமே, குருவி எங்கே ஒளியும்?

கிடைத்த இடத்தில். கல் சுவரின் ஓட்டைகளில், வாய்க்கால் புல்லில், வீட்டுத் தோட்டத்து ருபார்பில், ஆட்டுக்காகப் போட்ட பயிரில், குப்பையாகக் கிடக்கும் மீன் வலைக்குள்கூட. தீவில் பிளாண்டேஷன் என்று பேர் வைத்த ஓர் இடம் உண்டு, தோப்பு என்று நினைத்துப் போகாதீர்கள், காற்றில் குட்டையாகிப்போன சில மரங்கள், சுற்றிலும் கம்பிவலை, அவ்வளவுதான். காட்டுப் பறவைகள் கடற்பாறை இடுக்குகளில் இறங்கிக் கடற்பாசி மேல் பூச்சி பிடிப்பதை முதல் தடவை பார்த்தபோது நம்பவே முடியவில்லை. இங்கே உள்ளவர்கள் அந்த இடுக்குகளை கியோ என்பார்கள். காற்று மறைவான கியோ ஒவ்வொன்றையும் மேலிருந்து எட்டிப்பாருங்கள், ஆனால் புல் ஈரமாக இருந்தால் விளிம்புக்குப் போகவே வேண்டாம். கீழே விழுந்தால் தூக்க ஆள் வருவதற்குள் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பறவையைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டுவது கொடுமை இல்லையா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கோடியக்கரையில் வளையமிடுவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாலும் நேரில் பார்த்தது இங்கேதான்.

இங்கே நெடுங்காலமாகப் பயன்படுவது ஹெலிகோலாண்ட் பொறி. ஜெர்மனிக்கு அருகே உள்ள ஹெலிகோலாண்ட் தீவில் முதலில் வந்ததால் அந்தப் பேர். சுவரையும் வாய்க்காலையும் ஒட்டி அகலமான வாயோடு கம்பிவலைக் கூண்டு, உள்ளே போகப் போகக் குறுகி ஒரு பெட்டியில் முடியும். புனல் மாதிரி. பறவையை மெதுவாக நடந்து அந்தப் பக்கம் ஓட்டுவார்கள். பிடித்ததும் துணிப்பைக்குள் வைத்து எடுத்துப்போய், எடை, இறக்கை நீளம் அளந்து, மார்பு இறகை ஊதி விலக்கித் தோலுக்கடியில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று பார்த்து, எண் பொறித்த சின்ன வளையத்தை மாட்டி விட்டுவிடுவார்கள். பயிற்சியும் உரிமமும் உள்ளவர்கள்தான் கை வைக்கலாம். சில நிமிஷ வேலை. அந்தப் பறவைக்குச் சங்கடம் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அதே வளையத்தை இன்னொரு நாட்டில் ஒருவர் படிக்கும்போதுதான் அது எங்கே போனது என்று நமக்குத் தெரிகிறது.

வழி தவறி வந்த பறவைகள் பிழைத்துப் போகுமா?

நிறையப் பறவைகள் போய்விடுகின்றன. இரண்டு மூன்று நாள் பூச்சி பிடித்துத் தின்று, தெளிந்த இரவும் சாதகமான காற்றும் வந்ததும் கிளம்பிவிடும். வந்த அன்று பிடித்த பறவையை நாலு நாள் கழித்து மறுபடி பிடித்து எடை பார்த்தால் ஏறியிருப்பது தெரியும். வந்து இறங்கும்போதே கொழுப்பெல்லாம் தீர்ந்து, நெஞ்செலும்பு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பறவைகளும் உண்டு. அவற்றில் சில பிழைப்பதில்லை. கடலிலேயே விழுந்தவை எத்தனை என்று எண்ண வழியே இல்லை.

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நமக்கு அபூர்வமான காட்சி என்பது அந்தப் பறவைக்கு ஆபத்தான நேரம். படத்துக்காகத் துரத்தாதீர்கள். அது இரையெடுக்கும் வாய்க்காலுக்குள் இறங்காதீர்கள். கைபேசியில் அதன் பாட்டைப் போட்டு வெளியே வரவழைக்கவே கூடாது, இல்லாத துணையையோ எதிரியையோ தேடி இருக்கிற கொஞ்சம் பலத்தையும் செலவழித்துவிடும். தூரத்தில் உட்காருங்கள். பசித்த பறவை நாம் அசையாமல் இருந்தால் தானாகவே பக்கத்தில் வந்துவிடும், என்னுடைய நல்ல படங்கள் எல்லாம் அப்படிக் கிடைத்தவை.

பறவை நிலையத்தை யார் தொடங்கியது? எரிந்துபோனதாகச் சொன்னார்களே?

இந்தத் தீவுக்கு வலசைப் பறவைகள் வருகின்றன என்பதை வெளியுலகத்துக்குக் காட்டியவர் எடின்பரோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் ஈகிள் கிளார்க், 1905-லிருந்து வந்துபோனார். உள்ளூர்க்காரர்களுக்குப் பறவை பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

நிலையத்தைத் தொடங்கியவர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன். இரண்டாம் உலகப்போரில் 1941-ல் கிரீட் தீவில் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டார். முகாமில் இருந்தபோது கூட இருந்த நண்பர் ஒருவரோடு சேர்ந்து, போர் முடிந்ததும் ஃபேர் ஐலில் ஒரு பறவை நிலையம் கட்டுவது எப்படி என்று திட்டம் போட்டார். உடல்நலம் கெட்டு 1943-ல் விடுவிக்கப்பட்டுக் கப்பலில் வரும்போது, ஸ்காட்லாந்து மண்ணில் முதலில் அவர் கண்ணில் பட்டதே ஃபேர் ஐல்தான். போருக்குப் பின் தீவையே விலைக்கு வாங்கி, கடற்படை விட்டுச்சென்ற குடிசைகளில் 1948-ல் நிலையத்தைத் திறந்தார். 1954-ல் தீவை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார், இன்றும் அவர்களுடையதுதான். முள்கம்பிக்குள் இருந்துகொண்டு பறவைகளுக்காக ஒருவர் போட்ட திட்டம் நிஜமாகிவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

எரிந்தது உண்மைதான். 2010-ல் திறந்த புதுக் கட்டடம் 2019 மார்ச்சில் தீப்பிடித்து முழுவதும் போய்விட்டது. யாருக்கும் காயம் இல்லை. கட்டடம் இல்லாத வருஷங்களிலும் எண்ணும் வேலை நடந்தது. இப்போது மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

எப்படிப் போவது?

முதலில் ஷெட்லாண்ட். அபர்டீனிலிருந்து இரவுக் கப்பல் லெர்விக் போகும், விமானமும் உண்டு. லெர்விக்குக்குப் பக்கத்தில் டிங்வால் என்ற சின்ன ஓடுதளத்திலிருந்து சில பேர் மட்டும் உட்காரும் குட்டி விமானம், 25 நிமிஷம். இல்லாவிட்டால் குட் ஷெப்பர்ட் என்ற படகு, இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. அலை இருந்தால் படகு ஆடும் ஆட்டத்தில் காலையில் சாப்பிட்டது தங்காது. இஞ்சி மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம்: பறவையைக் கொண்டுவரும் பனிமூட்டம்தான் விமானத்தையும் நிறுத்தும். எனக்கு ஒருமுறை திரும்புகிற பயணம் மூன்று நாள் தள்ளிப்போனது. அடுத்த நாளே அலுவலகம், அடுத்த நாளே ஊருக்கு விமானம் என்று திட்டம் போடாதீர்கள், இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

குளிருமா? சாப்பாடு?

ஜூனில்கூட 10 டிகிரி சுற்றித்தான், காற்று சேர்ந்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். நனையாத மேலுடை, நல்ல பூட்ஸ், கையுறை. ஒரே ஒரு கடை இருக்கிறது, தேவையானது கிடைக்கும். தங்குமிடத்தில் சைவம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் ஒரு சின்ன டப்பாவில் ஊறுகாய் கொண்டுபோவேன்.

வலசைப் பறவை வராத நாளில் பார்க்க என்ன இருக்கிறது?

கடற்பறவைகள். பஃபின்கள் ஜூனில் பாறை விளிம்புப் புல்லில் ஆளுக்குச் சில அடி தூரத்தில் நிற்கும். ஸ்குவாக்கள் ஹீதர் மேட்டில் கூடு வைத்திருக்கும், பெரிய ஸ்குவாவுக்கு இங்கே பாங்ஸி என்று பேர். கூட்டுப் பக்கம் போனால் தலையைக் குறிவைத்து இறங்கும், ஒரு கம்பைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள். 2022-ல் பறவைக்காய்ச்சல் பாங்ஸிகளை மோசமாக அடித்தது, அடுத்த வருஷம் கணக்கெடுத்தபோது பிரிட்டன் முழுக்க முக்கால்வாசி குறைந்திருந்தது. என் முதல் பயணத்தில் பயந்து ஓடிய அதே மேட்டில் கடைசிப் பயணத்தில் யாரும் தாக்காமல் நடந்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் ஃபேர் ஐல் ரென், இந்தத் தீவில் மட்டுமே வாழும் ஒரு உள்ளினம். கட்டைவிரல் அளவு குருவி, பாறை இடுக்கில் இருந்துகொண்டு அலைச் சத்தத்தையே மிஞ்சும்படி பாடும். இது எங்கேயும் போவதில்லை, எங்கிருந்தும் வருவதில்லை.

ஊர்க்காரர்கள் எப்படி?

நல்லவர்கள். பல பேருக்குப் பறவையும் நன்றாகத் தெரியும், நாம் தேடியலைந்த பறவையை அவர்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு ஆள் அனுப்புவார்கள். மே மாதம் ஆடு குட்டிபோடும் காலம், அதனால் கதவைத் திறந்தால் மூடுங்கள், கல் சுவரில் ஏறிக் குதிக்காதீர்கள், பயிருக்குள் நடக்காதீர்கள், வீட்டுத் தோட்டத்துக்குள் போகுமுன் கேளுங்கள்.

ஒரு வாரம் இருந்தும் காற்று திரும்பவே இல்லை என்றால்?

எனக்கு மூன்றாவது பயணம் அப்படித்தான். எட்டு நாள் மேற்குக் காற்று. தினமும் அதே வாய்க்கால், அதே சுவர், அதே இரண்டு வாலாட்டி. இரவுக் கணக்கில் என் முறை வரும்போது சொல்ல ஒன்றும் இருக்காது. ஒன்பதாவது நாள் மாலை காற்று செத்து, கடல் மேல் மூட்டம் வந்து உட்கார்ந்தது. மறுநாள் காலை எனக்கு விமானம். அது வரவில்லை. ஓடுதளத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடக்கும்போது வழியோர வேலியில் ஒரு செம்முதுகுக் கீச்சான் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது, இரவுதான் வந்திருக்க வேண்டும், இறகைக் கோதிக்கொண்டிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு அது காயும் வரைக்கும் நானும் அங்கேயே நின்றேன்.